நெஞ்சுப் படபடப்பு: தமிழில் எதை நம்பி வாசிப்பது?

ரீலோட் கடைக்காரன் (மடத்தடி):
வணக்கம். திருகோணமலையில் மடத்தடிப் பக்கம், போனுக்குக் காசு ஏற்றும் (ரீலோட்) சின்னக் கொமினிகேஷன் கடை ஒன்று வைத்திருக்கிறேன். வயது 31. மூன்று மாதத்துக்கு முன் ஓர் இரவு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் விறைத்தது, மூச்சு முட்டியது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். தம்பி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடினான். போன இடத்தில் ஈசிஜி எடுத்தார்கள், இரத்தமும் பார்த்தார்கள், எல்லாம் சரி. "ஒன்றுமில்லை, யோசிக்காமல் இருங்க" என்று பரிசோதனைத் துண்டை நீட்டினார்கள். யோசிக்காமல் இருக்கத் தெரிந்தவன் அந்த நேரத்தில் அங்கே ஏன் போகிறான்?

அதற்குப் பிறகு நாலு தரம் வந்துவிட்டது. அம்மா கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். காளி கோயிலில் நூலும் கட்டியாயிற்று. நான் இரவில் போனில் தேடுகிறேன். "மன அழுத்தம்" என்று அடித்தால் முதலில் ஒரு சாமியார், அடுத்து ஒரு லேகியம், அதற்கடுத்து "இந்த ஐந்து அறிகுறி இருந்தால் ஆபத்து". வாசித்து முடிக்கும்போது படபடப்பு இரண்டு மடங்கு. ஆங்கிலம் மெதுவாக வாசிப்பேன், ஆனால் அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டும். எதை நம்புவது? நானாகச் செய்துபார்க்க ஏதும் உண்டா? பெயர் கேட்காதீர்கள், ஊர் சின்னது.

ஓய்வுபெற்ற தாதி (உவர்மலை):
தம்பி, 34 வருடம் வார்டில் நின்றவள் நான். முதலில் தேடும் சொல்லை மாற்றுங்கள். "மன அழுத்தம்" என்று தமிழ்நாட்டில் பலர் எழுதுவது மனச்சோர்வை. நாங்கள் அதே சொல்லை வேலைப்பளு, நெருக்கீடு என்ற கருத்தில் சொல்கிறோம். அதனால்தான் வேறு யாருடைய வருத்தத்தையோ வாசித்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது பதகளிப்பு போல இருக்கிறது. இந்தியப் பக்கங்களில் பதற்றக் கோளாறு, பேனிக் அட்டாக் என்று பாருங்கள்.

அப்புறம், எந்தப் பக்கத்தையும் அடியிலிருந்து வாசியுங்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது, கடைசியில் என்ன விற்கிறார்கள்? "21 நாளில் பூரண குணம்" என்றால் மூடிவிடுங்கள். எப்போது வைத்தியரிடம் போக வேண்டும் என்று சொல்லாத பக்கமும் வேண்டாம்.

விரல் விறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துபோகும். அதனால்தான் விரலும் உதடும் விறைக்கின்றன. இந்தத் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறி, பிறகு தானாக இறங்கும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். தைரொயிட் பார்த்தார்களா என்று துண்டில் பாருங்கள், அது கூடினாலும் இப்படித்தான் அடிக்கும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு நோவு வந்தால், பதகளிப்பு என்று இருந்துவிடாமல் உடனே போங்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் நெருக்கீட்டைச் சமாளிக்க ஒரு படக் கையேடு வெளியிட்டது, இலவசம். படங்களைக் காட்டியே அம்மாவுக்குச் சொல்லலாம். இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் "நூலகம்" இணையத்தளத்தில் "உளநலம்", "உளவளத்துணை" (கவுன்சிலிங்) என்று தேடினால் எங்கள் ஆட்கள் எங்கள் தமிழில் எழுதியவை கிடைக்கும். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926, தமிழிலும் கதைக்கலாம். 14416 என்று வட்ஸ்அப்பில் சுற்றுவது இந்திய அரசின் இலக்கம், இங்கிருந்து அதை அடித்து மினக்கெட வேண்டாம்.

கிண்ணியா வாத்தியார்:
எனக்கு வந்தது பாலத்தில். 2009இல் திறந்த நம் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம்தான். பஸ் நடுவுக்கு வரும்போது நெஞ்சு அடிக்கும், இறங்கி ஓட வேண்டும் போலிருக்கும். இரண்டு மாதம் ரவுனுக்குப் போவதையே விட்டுவிட்டேன். "முந்திப் பாதைப் படகில் ஏறிப் போனவன்தானே, பாலத்துக்கா பயம்?" என்று உம்மா சிரித்தா. விட்டதுதான் பிழை. ஒதுங்க ஒதுங்கப் பயம் வளர்கிறது.

மேற்கு அவுஸ்திரேலிய அரசின் சென்டர் ஃபோர் கிளினிக்கல் இன்டர்வென்ஷன்ஸ் தளத்தில் பேனிக் அட்டாக்குக்குத் தனிப் பயிற்சித்தாள்கள் இருக்கின்றன. ஆங்கிலம்தான், ஆனால் இலகு, காசில்லை. பிரின்ட் எடுத்து ஒரு சீஆர் கொப்பியில் எழுதினேன்: எங்கே வந்தது, என்ன நடக்கும் என்று பயந்தேன், கடைசியில் என்ன நடந்தது, பயம் பத்துக்கு எத்தனை. பிறகு நாநாவோடு (அண்ணன்) பாலத்தில் நடந்தேன். முதல் நாள் மூன்றாவது விளக்குக் கம்பம் வரைக்கும்தான். பயம் ஒன்பது. திரும்பி ஓடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கீழே வள்ளக்காரர் வலை இழுப்பதை எண்ணிக்கொண்டு. கால் மணித்தியாலத்தில் ஆறு. நாலாவது கிழமை தனியாக அந்தக் கரை போய், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். கொப்பியில் "மூன்று" என்று எழுதியிருக்கிறது.

இது மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். கிளினிக்கில் பதகளிப்புக்குச் செர்ட்ரலின் என்ற குளிசையும் தந்தார்கள், அது வேலை செய்ய மூன்று கிழமை எடுத்தது.

நிலாவெளி:
குளிசை பழகிவிடும் பிரதர். கிளினிக் பக்கம் போனால் ஊர் கதைக்கும். அஸ்வகந்தா குடிங்க, நித்திரை நல்லா வரும்.

ஓய்வுபெற்ற தாதி (உவர்மலை):
பழக்கமாவது டயசிபாம் வகை நித்திரைக் குளிசை, அதைத்தான் ஆட்கள் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். செர்ட்ரலின் அப்படியில்லை, ஆனால் சட்டென்று நிறுத்தக்கூடாது, வைத்தியர் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்துவார். அஸ்வகந்தா தைரொயிட்டைக் கூட்டலாம். பரிசோதிக்காத ஆளுக்கு அதைச் சொல்லாதீர்கள் தம்பி. ஊர் கதைக்கும் என்றால், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். அங்கே போகிறவர் காணி அலுவலாகப் போகிறாரா, கவலையாகப் போகிறாரா என்று யாருக்குத் தெரியும்?

ரீலோட் கடைக்காரன் (மடத்தடி):
அக்கா, சேர், நன்றி. தைரொயிட் பார்க்கவே இல்லை, திங்கட்கிழமை இரத்தம் குடுத்தேன், முடிவு இன்னும் வரவில்லை. அம்மாவுக்குப் படக் கையேட்டைப் போனில் காட்டினேன். முழுதும் பார்த்துவிட்டு, "நூல் இருக்கட்டும், இதையும் செய்" என்றார். சரி.

1926ஐப் பெரிய எழுத்தில் எழுதி, ரீலோட் விலை ஒட்டும் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். நேற்று ஒருவர் வந்து இது எந்த நெட்வேர்க்கின் பெக்கேஜ் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னார்.