ஈரலின் குருதியோட்டத்தைக் கணினியில் உருவகித்தல்: நுண்குழாய்களை என்ன செய்வது?

ஹட்டன் மாணவி:
வணக்கம். பேராதனையில் பொறியியல் பயிலும் நான், இறுதியாண்டு ஆய்வுக்காக ஈரலின் குருதியோட்டத்தை உருவகித்து வருகிறேன். ஸ்கேன் படங்களிலிருந்து பெருங்குழாய்களை வரைந்துவிட்டேன். ஆயினும் குடாப்போலிகள் எனப்படும் ஈரலின் நுண்குழாய்கள் வரை இறங்கினால் கணினி உறைந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் வரையத்தான் வேண்டுமா?

பதுளை வாசகர்:
வேண்டாம், தங்கச்சி. பெருங்குழாய்களுக்குத் திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலமுள்ள சிறுசோணைகளை, அதாவது குடாப்போலிகள் நிறைந்த ஈரலின் சிற்றலகுகளை, கடற்பஞ்சு போன்ற நுண்டுளை ஊடகமாகக் கருதி, மணலினூடே நீர் கசிவதற்கு ஹென்றி டார்சி 1856இல் வெளியிட்ட விதியைப் பிரயோகிப்பதே வழமை. தேயிலை மலையில் மழைநீர் இறங்குவதைக் கணிக்க எவரும் மண்துகள்களை எண்ணுவதில்லையே.

நுவரெலியா மருத்துவர்:
அது சரி, ஆனால் பலர் தவறுவது எல்லை நிபந்தனைகளில்தான், அதாவது குருதி உள்ளே வரும், வெளியேறும் இடங்களில் கொடுக்கும் ஓட்ட, அமுக்கப் பெறுமானங்களில். நிமிடத்துக்குச் சுமார் 1.5 லீற்றர் குருதி ஈரலை அடைகிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கை, குடலிலிருந்து வரும் ஈரல் வாயினாளம் 5 முதல் 10 மி.மீ. இரச அமுக்கத்தில் கொணர, எஞ்சியதை ஈரல் நாடி மிக உயர்ந்த அமுக்கத்தில் கொணர்கிறது. வாயினாள ஓட்டம் குறைந்தால், அடித்துச் செல்லப்படாமல் தேங்கும் அடினோசின் என்னும் இரசாயனப் பொருள் ஈரல் நாடியை விரிவடையச் செய்யும். ஆகவே இரு நுழைவாயில்களையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மாறிலிகளாக வைக்காதீர்கள். ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோயை உருவகிப்பதாயின், ஊடகத்தின் ஊடுபுகவிடும் தன்மையைக் குறைத்து, வாயினாள அமுக்கம் உயர்கிறதா என்று பாருங்கள்.

ஹட்டன் மாணவி:
மிக்க நன்றி, டொக்டர். நாடியின் ஓட்டத்தை மாறிலியாகவே வைத்திருந்தேன், இன்றிரவே திருத்துகிறேன்.