பிரிட்டன் மறுபடி சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தால் எல்லையில் என்ன மாறும்?

தராசு:
2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2021 ஜனவரி 1 முதல் வர்த்தக ஒத்துழைப்பு உடன்படிக்கை நடப்பில் இருக்கிறது. அதில் சுங்கவரியும் பூஜ்யம், கோட்டாவும் கிடையாது. பிறகு ஏன் எல்லையில் இன்னும் இத்தனை செலவும் தாமதமும்? சுங்க ஒன்றியத்தில் (தங்களுக்குள் சுங்கவரி இல்லை, வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லாரும் ஒரே வரி) மட்டும் திரும்பச் சேர்ந்தால் போதும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பொருள் விதிகளும் ஒன்றாக இருக்கும் ஒற்றைச் சந்தைக்குள் போகாமல் அது உதவுமா? சரக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பாண்டட்கிடங்கு:
பூஜ்ய வரி எல்லாச் சரக்குக்கும் கிடைக்காது. பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவானது என்று காட்டினால்தான் கிடைக்கும். இதுதான் தோற்ற விதி. பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் நெய்த துணி பிரிட்டனின் லெஸ்டருக்கு வருகிறது. அங்கே வெட்டி, தைத்து, பட்டன் வைத்து பாரிஸுக்கு அனுப்புகிறார்கள். 'மேட் இன் பிரிட்டன்' என்று லேபிள் இருக்கும். ஆனால் நெய்த துணியில் தைக்கும் ஆடைக்கு, நெசவும் தையலும் இரண்டுமே பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ நடந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. தையல் மட்டும் நடந்திருப்பதால் சட்டை தேறாது. பாரிஸில் 12 சதவீதம் வரி விழும். அதே துணி இத்தாலியில் நெய்தது என்றால் தேறிவிடும், ஏனென்றால் ஒன்றியத்துத் துணியைச் சொந்தத் துணியாகவே கணக்கில் சேர்க்கலாம்.

மறு ஏற்றுமதி இதைவிட மோசம். சீனச் செருப்பை பிரிட்டனில் இறக்கி, வரி கட்டி, பிரித்து, ஒன்றிய நாடான அயர்லாந்தின் டப்ளின் கடைக்கு அனுப்பினால் அங்கே இரண்டாவது முறை வரி. பிரிப்பதும் பேக் செய்வதும் உற்பத்தி ஆகாது. இதைத் தவிர்க்க வழி உண்டு: சரக்கை பாண்டட் கிடங்கில் (சுங்கக் கண்காணிப்பில் உள்ள கிடங்கு) வரி கட்டாமல் வைத்து, 'டி1' டிரான்சிட்டில், அதாவது வரி கட்டாமலே எல்லை தாண்டும் சுங்க முறையில், அப்படியே கொண்டுபோக வேண்டும். வரி கட்டி வெளியே எடுத்த பிறகு யோசித்தால் ரொம்பச் சிக்கல்.

காகிதத்தைப் பொறுத்தவரை, சரக்கின் தோற்றத்தை உறுதி சொல்லும், விதித்த வாசகத்தை இன்வாய்ஸில் அப்படியே எழுத வேண்டும். பிரிட்டன் விற்பனையாளர் தன் இஓஆர்ஐ எண்ணை (சுங்கத்தில் வணிகரின் பதிவு எண்) போடுவார். ஒன்றியத்து விற்பனையாளருக்குச் சரக்கின் மதிப்பு 6,000 யூரோவைத் தாண்டினால் ரெக்ஸ் எண் (ஏற்றுமதியாளர் பதிவு எண்) வேண்டும். கையில் ஆதாரம் இல்லாமல் வாசகத்தை மட்டும் எழுதினால் பின்னால் சோதனையில் மாட்டுவார்கள். சிறு நிறுவனங்கள் பல இந்த வேலையே வேண்டாம் என்று வரியைக் கட்டிவிடுகின்றன. சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தால் இந்த அடுக்கு முழுவதும் போய்விடும். அது சின்ன லாபமே இல்லை.

குளிர்பெட்டி:
தோற்ற விதி பற்றிச் சொன்னது சரி. ஆனால் உணவுச் சரக்குக்கு சுங்க ஒன்றியம் ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தாது. அங்கே லாரியை நிறுத்துவது சுகாதார விதி.

இறைச்சி, பால், மீன் எதுவானாலும் ஏற்றுமதி சுகாதாரச் சான்று வேண்டும். அதிகாரப்பூர்வ கால்நடை மருத்துவர் போன்ற சான்றளிக்கும் அதிகாரி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சரக்கு நுழையும் நாட்டு மொழியிலும் சான்று இருக்க வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் அச்சு மையிலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும். பொருந்தாத வரியை அடித்துவிட்டு, அடித்த இடத்திலும் கையொப்பமிட்டு முத்திரை வைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இது விட்டுப்போனால் பிரான்ஸின் கலே துறைமுகத்தில் சரக்கு நிற்கும். பல கம்பெனிகளின் பேலட்டுகளை ஒரே லாரியில் ஏற்றும் குரூபேஜ் முறையில், ஒரு பேலட்டின் காகிதத் தவறு மற்ற எல்லாருடைய சரக்கையும் நிறுத்திவிடும். கெட்டுப்போகும் சரக்குக்கு ஒரு நாள் தாமதமே நஷ்டம்.

சிலவற்றுக்குச் சான்று வாங்கியும் பயனில்லை. உறைய வைக்காத சாசேஜ் ஒன்றியத்துக்குள் நுழையவே முடியாது. 'பி' வகுப்பு (முழுச் சுத்தமில்லாத) நீரில் பிடித்த மட்டிகளைச் சுத்திகரிக்காமல் உயிரோடு அனுப்பவும் வழியில்லை.

2025 மே 19 பிரிட்டன்-ஒன்றிய உச்சி மாநாட்டில் சுகாதார ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இதுதான். அதற்கு பிரிட்டன் தரும் விலை, ஒன்றியத்து உணவு விதி மாறும்போதெல்லாம் தானும் மாற்றிக்கொள்வது. நான் அதைக் கொடுக்கத் தகுந்த விலை என்றே சொல்வேன். அங்கே விற்பவர் எப்படியும் அந்த விதியைத்தான் பின்பற்றப்போகிறார்.

கபிகுலே:
சுங்க ஒன்றியத்தின் மறுபக்கத்தைப் பார்க்க துருக்கியைப் பாருங்கள். 1995 கடைசியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. தொழிற்சாலைப் பொருளுக்கு 'ஏ.டி.ஆர்.' என்ற சுங்கச் சான்று போதும், தோற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பல்கேரிய எல்லையில், கபிகுலேயில், லாரிகள் வரிசையில் நிற்கின்றன. லாரிக்கு பர்மிட் கோட்டா, ஓட்டுநருக்கு விசா, விவசாயப் பொருள் ஒப்பந்தத்துக்கு வெளியே.

அதைவிட வலிப்பது இன்னொன்று. பிரஸ்ஸல்ஸ் (ஒன்றியத்தின் தலைமையகம்) மூன்றாவது நாட்டோடு ஒப்பந்தம் போட்டால், துருக்கியும் அந்தச் சுங்கவரியை ஏற்க வேண்டும். அந்த நாடோ துருக்கிக்கு ஏதும் தரத் தேவையில்லை. மெக்ஸிகோவோடு ஒன்றியத்துக்கு 2000-லிருந்து ஒப்பந்தம் இருக்கிறது, துருக்கிக்கு இல்லை.

பிரிட்டனுக்கு இதன் அர்த்தம் என்ன? 2025 ஜூலை 24-ல் இந்தியாவோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீத வரி முதலில் 75 ஆகவும், 10 ஆண்டில் 40 ஆகவும் குறைகிறது. பதிலுக்கு பிரிட்டன் இந்தியத் துணிமணிக்கும் தோல் பொருளுக்கும் வரியை நீக்குகிறது. சுங்க ஒன்றியத்துக்குள் போனால் அந்த வரியைத் தீர்மானிக்கும் கை பிரஸ்ஸல்ஸ் கை. திருப்பூரிலிருந்து போகும் பனியனுக்கும் இது பொருந்தும்.

தராசு:
அப்படியானால் நார்வே வழி?

குளிர்பெட்டி:
நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால் ஸ்வீடன் எல்லையில் ஸ்வினேசுண்டில் லாரிகள் இன்றும் சுங்கப் பதிவு செய்கின்றன. ஆட்களின் தடையற்ற நடமாட்டத்தையும் ஏற்க வேண்டும். விதி எழுதும்போது வாக்கு கிடையாது.

பாண்டட்கிடங்கு:
விஸ்கிக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டன் ஏற்றுமதியில் 40 சதவீதத்துக்கு மேல் போவது ஒன்றியத்துக்கு. அவசரம் எங்கே என்று பார்க்க மின்காரைப் பாருங்கள். இப்போது வெளிநாட்டுப் பாகங்களின் மதிப்பு காரின் விலையில் 60 சதவீதம் வரை இருந்தாலும் பூஜ்ய வரிக்குத் தேறுகிறது. 2023 டிசம்பரில் கொடுத்த இந்த நீட்டிப்பு 2026 முடியும்வரைதான். 2027 ஜனவரி 1 முதல் வரம்பு 45 சதவீதம், பேட்டரியும் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவானதாக இருக்க வேண்டும். ஆசியாவிலிருந்து பேட்டரி வாங்கி பிரிட்டனின் சண்டர்லாந்து ஆலையில் பூட்டினால் அந்தக் காருக்கு 10 சதவீத வரி.