ஹோர்ட்டன் சமவெளிக்கு நாலு வயதுப் பிள்ளையோடு போகலாமா?

வவுனியாக்காரன்
வாற விடுமுறைக்கு நுவரெலியாவில் தங்கப்போகிறோம், அதில் ஒரு நாளை ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒதுக்கலாம் என்று யோசனை. மகனுக்கு ஒன்பது வயது, அவனைப் பற்றிக் கவலை இல்லை. சின்னவளுக்கு நாலு, கொஞ்ச தூரம் நடந்ததும் "தூக்குங்கோ" என்று நின்றுவிடுவாள். அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் நோ. உலக முடிவு என்கிற அந்தச் செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்காமல் திரும்பினால் மனைவி என்னை விடமாட்டாள். பாதை முழுவதும் நடக்கத்தான் வேண்டுமா? தள்ளுவண்டி போகுமா? எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்?

ஹட்டன் அக்கா
தள்ளுவண்டியைத் தங்குமிடத்திலேயே விட்டுவிடுங்கள் தம்பி, பாதை முழுக்கக் கல்லும் வேரும் சேறும்தான். சின்னவளை முதுகில் சுமக்கிற பை ஒன்று இரவலாகவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நுழைவாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது, நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீற்றர், மலைப்பாதை, அதனால் ஐந்து மணிக்கு முன்னமே வான் புறப்பட வேண்டும். பிள்ளைகளை எழுப்புவது பெரிய பாடு, தெரியும், ஆனால் ஒன்பது பத்து மணிக்கு மூடுபனி ஏறிவிட்டால் உலக முடிவில் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், ஆனால் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. ஸ்வெட்டர், தொப்பி, காதுக்கு மப்ளர் எல்லாம் வேண்டும், இரண்டு மணித்தியாலம் கழித்து அத்தனையையும் கழற்றி நீங்கள்தான் சுமப்பீர்கள்.

சாப்பாட்டை டிபன் பெட்டியில் கட்டுங்கள். வாசலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரிப்பார்கள், பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் கொட்டித் தருவார்கள். முன்னாலேயே ஆயத்தமாகப் போனால் வரிசையில் நின்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நடராசா_கண்டி
முழுச் சுற்று ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீற்றர். உலக முடிவுக்கு நாலு, அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இரண்டு, பிறகு வாசலுக்கு மூன்றரை. உலக முடிவு வரை போய் வந்த வழியே திரும்பினாலும் எட்டு ஆகிறது, மிச்சம் பிடிப்பது ஒன்றரைதான். அதற்காக அருவியை விடுவதா? என்னைக் கேட்டால் சுற்றியே வாருங்கள், பிள்ளைகளோடு நாலு மணித்தியாலத்துக்கு மேல் போகட்டும், என்ன அவசரம்.

ஒரு விஷயம், பனி வருமுன் உலக முடிவைப் பிடிக்க வேண்டும் என்றால் பாதை பிரிகிற இடத்தில் அருவிப் பக்கம் திரும்பாதீர்கள். சின்ன உலக முடிவு முதலில் வரும், அடுத்தது பெரியது. பாறை 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்குகிறது. அந்த இடத்தில் மட்டும் உங்கள் ஒன்பது வயதுக்காரனின் கையை விடவே விடாதீர்கள், கவலை இல்லை என்கிற பிள்ளைதான் அங்கே கவலை.

ஹட்டன் அக்கா
நடராசா அண்ணா, அருவிக்கு இறங்குகிற வழி ஈரத்தில் வழுக்கும், முதுகில் பிள்ளையோடு இறங்குவது எல்லோருக்கும் சரிவராது. மழை பெய்திருந்தால் நான் வந்த வழியே திரும்பத்தான் சொல்வேன். அங்கே குளிக்கவும் விடமாட்டார்கள், மகனிடம் இப்போதே சொல்லிவைக்காவிட்டால் அழுகைதான்.

பலாங்கொடை பொடியன்
அம்மா நடக்க வேண்டாம், ஃபார் இன் பக்கம் இருக்கட்டும். வெள்ளைக்காரன் வேட்டைக்கு வந்து தங்கிய கட்டடம், இப்போது தகவல் நிலையம். மரைமான்கள் அங்கேயே சுற்றித் திரியும், வானுக்குள் தலையை விடுமளவுக்குப் பழகியவை. யாராவது பணிஸ் கொடுக்கிறார்கள் என்று நீங்களும் கொடுக்காதீர்கள், தடை.

சின்னவள் நடக்க மறுத்தால் ஒரு வழி இருக்கிறது. பாசி பிடித்த மரத்தண்டுகளில் மூக்கில் வெள்ளைக் கொம்பு வைத்த ஒரு ஓணான் இருக்கும், இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மரத்தோடு மரமாக அசையாமல் இருக்கும், அதைத் தேடச் சொல்லுங்கள், எங்கள் வீட்டு வாண்டுகள் அதைத் தேடியே பாதி தூரம் போய்விட்டார்கள்.

உலக முடிவில் நின்று கீழே பார்த்தால் தெரிகிற தேயிலை எங்கள் நன்பேரியல் தோட்டம். எல்லோரும் மேலே நின்று படம் எடுக்கிறார்கள், கீழே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற நாங்கள் அண்ணாந்து பார்த்தால் பாறைதான், அதுவும் பனி விட்டால்.

வவுனியாக்காரன்
எல்லோருக்கும் நன்றி. அருவி அன்றைய மழையைப் பொறுத்து. அம்மா ஃபார் இன் பக்கம் இருக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் நாலு மணித்தியாலம் தனியே இருப்பது கொஞ்சம் கஷ்டம், அதனால் என் தங்கையையும் கூட்டிவரப் பார்க்கிறேன். திரும்பும்போது பிள்ளைகளுக்குப் பட்டிப்பொலப் பக்கம் பார்க்க ஏதும் உண்டா?

ஹட்டன் அக்கா
அம்பேவெல பால் பண்ணை அந்த வழியில்தான். மாடு பார்க்கலாம், யோகட் வாங்கலாம். பட்டிப்பொல ஸ்டேஷனிலும் ஒருதரம் இறக்கிக் காட்டுங்கள், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான்.