கெண்டைக்கால் இரத்த உறைவுக்குக் குறியீடு: வைத்தியரிடம் எப்படிக் கேட்பது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் இருந்தபடி அமெரிக்க மருத்துவப் பதிவுகளுக்கு ஐசிடி-10-சிஎம் (நோய்களை எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுகளால் குறிக்கும் அமெரிக்க வகைப்பாடு) குறியீடு இடும் பணியைச் செய்து வருகிறேன். ஒரு பதிவு தொடர்பாக அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டல் தேவைப்படுகிறது.

வெளிநோயாளர் குறிப்பில் வைத்தியர், "இடது காலில் ஆழ்நாள இரத்த உறைவு வரலாறு; அபிக்சபான் தொடரவும்" என்று மட்டுமே எழுதியிருக்கிறார் (அபிக்சபான் என்பது இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து). சில மாதங்களுக்கு முந்தைய டொப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலியலைப் பரிசோதனை) அறிக்கையோ, கெண்டைக்காலின் ஆழ்நாளங்களில் ஒன்றான இடது பின் டிபியல் நாளத்தில் உறைவு இருப்பதாகத் தெளிவாகக் கூறுகிறது. உறைவு அண்மையது என்றால் ஐ82.442, நாட்பட்டது என்றால் ஐ82.542, முற்றாகக் கரைந்து, மீண்டும் வராமல் தடுப்பதற்காகவே மருந்து தொடர்கிறது என்றால் இசட்86.718 வரும், பின்னைய இரண்டுடனும் நீண்டகால உறைவெதிர்ப்பு மருந்துக்கான இசட்79.01 சேரும். எத்தனை மாதங்கள் கடந்தால் நாட்பட்டது என்பதற்கு வழிகாட்டி நெறிகளில் கால எல்லை இல்லை என்பதால், அதைக் குறியீடு இடுபவர் தாமாக முடிவு செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சிகிச்சையிலிருக்கும் உறைவு "வரலாறு" என்று பதியப்பட்டால், அடுத்துப் பார்க்கும் வைத்தியர் மருந்தை நிறுத்திவிடவும் கூடும்.

ஆகவே, விடையை நாமே எடுத்துக் கொடுக்காமல் வைத்தியரிடம் விளக்கம் கோரும் வினவலை எந்தச் சொற்களில் எழுதுகிறீர்கள்? நுவரெலியா, பதுளைப் பக்கத்தில் இப்பணியில் இருப்பவர்கள், நோயாளி விபரங்களை நீக்கிய மாதிரி ஒன்றைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.