கும்பகோணத்தில் தவளை மீன் வளர்க்கலாமா?

குடந்தைத் தொட்டி: நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு. இப்போது 150 லிட்டரில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், இன்னும் மீன் விடவில்லை. ஃப்ராக்ஃபிஷ் என்று விற்கிற தவளை மீன் ஒன்று சென்னை கொளத்தூரில் கிடைக்கிறது. மஞ்சள் நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும். அதிகம் நீந்தாது, துடுப்பை ஊன்றி நடக்கும், அதனால் இந்தத் தொட்டியே போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

நாகை அலைவாய்: வேண்டாம். தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் நம் பக்கம் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது, கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் அதை ராத்திரி முழுக்க ஓட்டவும் முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரமே இல்லை. போதாததற்கு இது விஷ முள் மீன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் யோசியுங்கள்.

தஞ்சை உப்புநீர்: விஷ முள் இருப்பது கல் மீனுக்கு சார். முதுகில் 13 முள், குத்தினால் உயிருக்கே ஆபத்து. பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி வரை, வெந்நீரில் கையை முக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தவளை மீனுக்கு அந்த விஷமெல்லாம் கிடையாது. இரண்டும் பாறை போல் கிடப்பதால் எல்லோரும் குழப்புகிறார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, நெற்றியில் தூண்டில் போல நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பை அது ஆட்டுவதைப் பார்த்தால் நீங்களே மனசு மாறுவீர்கள். வாய் 12 மடங்கு விரியும், இரை உள்ளே போக 6 மில்லிசெகண்ட்தான். கண்ணுக்கே தெரியாது.

குடந்தைத் தொட்டி: தீனி? எங்கள் வாய்க்காலில் கெண்டைக் குஞ்சு சும்மாவே கிடைக்கிறது.

தஞ்சை உப்புநீர்: அதைத் தொடவே தொடாதீர்கள். கெண்டை வகையில் பலவற்றுக்குள் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதி இருக்கிறது. நன்னீர் மீனின் கொழுப்பும் கடல் மீனுக்கு ஒத்துவராது. தின்னும், கொழுக்கும், பிறகு ஒருநாள் காரணம் தெரியாமல் மிதக்கும். கடல் இறாலைச் சிறு துண்டாக்கிக் குச்சியில் குத்தி அதன் முன்னால் ஆட்டுங்கள். வாரம் இரண்டு தடவை போதும். ஆரம்பத்தில் முரண்டு பிடித்தால் உப்புநீருக்குப் பழக்கிய மோலி என்ற சிறு மீனைக் கொடுக்கலாம். கூட வேறு மீன் மட்டும் வேண்டாம். தன் நீளமுள்ள மீனையே விழுங்கப் பார்க்கும், செரிக்காமல் அதுவும் செத்துப்போகும். அப்புறம், இடம் மாற்றும்போது வலையால் தூக்கக் கூடாது. காற்றை விழுங்கினால் வெளியேற்றத் திணறும். தண்ணீரோடு டப்பாவில் மொள்ளுங்கள்.

நாகை அலைவாய்: முள் விஷயம் சரி, ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கரண்ட் போனால்? தண்ணீருக்கு எங்கே போவார்? ஐப்பசி கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கலந்து நாகைக் கரையோரக் கடல் கலங்கிவிடும், உப்பும் குறையும். கேன் போட்டு மொண்டு வருவது நடக்காது.

தஞ்சை உப்புநீர்: கடல் தண்ணீர் யார் கேட்டது? ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்புக் கலவை, அடர்த்தி 1.025. ஆவியாகிக் குறைந்தால் வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். கரண்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் இரண்டு. சூடு ஏறினால் ஐஸ் பாட்டில். ஒருநாள் இரண்டுநாள் தாங்கும்.

நாகை அலைவாய்: கஜா ஒருநாள் இரண்டுநாளில் முடியவில்லையே தம்பி.

காரைக்கால் வலை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "உயிர்ப்பாறை" என்று யாராவது பவளக்கல் விற்றால் வாங்காதீர்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செயற்கைப் பாறையே போதும், மீனுக்கு வித்தியாசம் தெரியாது.

குடந்தைத் தொட்டி: சரிப்பட்டு வராவிட்டால் தரங்கம்பாடியில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

காரைக்கால் வலை: ஐயோ, கூடாது. தொட்டி நோயும் கூடவே போகும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இந்தோ-பசிபிக் சிங்க மீன் இன்று பெருகிக் கிடப்பதற்கு, வளர்த்தவர்கள் கடலில் விட்டதுதான் காரணம் என்கிறார்கள்.

நாகை அலைவாய்: திருப்பி விடுகிற யோசனை இப்போதே வந்துவிட்டதென்றால் வாங்கவே வேண்டாம்.

தஞ்சை உப்புநீர்: இந்த ஒன்றில் நாகைக்காரர் பக்கம்தான் நான். முதலில் சில்லர் வாங்குங்கள். வெறும் தொட்டியைச் சித்திரை வைகாசி முழுக்க ஓட்டி, சூட்டைத் தினமும் எழுதி வையுங்கள். ஆனியில் கடைக்குப் போய், உங்கள் கண் முன்னால் செத்த இறாலைத் தின்கிற மீனா என்று பார்த்து வாங்குங்கள்.

நாகை அலைவாய்: ஆனிக்குப் பிறகு ஐப்பசி வரும். அதையும் எழுதச் சொல்லுங்கள்.