பாலிஹூராவில் மவுண்டன் பைக்: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் நானும் தம்பியும் அயர்லாந்தில் மூன்று நாள் மவுண்டன் பைக் (மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள்) ஓட்டப் போகிறோம். இடம் பாலிஹூரா. லிமரிக், கார்க் மாவட்டங்களின் எல்லையில் இருக்கும் மலைக்காடு. அங்கே 90 கிலோமீட்டருக்கு மேல் பாதை போட்டிருக்கிறார்கள். சிறிய சுற்றான கிரீன்வுட் 6 கிலோமீட்டர், பெரிய சுற்றான காசில்பூக் சுமார் 50. தம்பிக்கு மலைப்பாதை புதிது. முதல் நாள் கிரீன்வுட், மறுநாள் 17 கிலோமீட்டர் மவுன்ட்ராத் சுற்று என்று நினைத்திருக்கிறேன். அவனுக்கு அது தாங்குமா?

என் பெரிய கவலை ஈரம்தான். போன வருடம் அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில், பாலினஸ்டோ காட்டில், நனைந்த ஊசியிலை மர வேரில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். தோள் வலி தீர ஒரு மாதம் ஆனது. தம்பிக்கு அப்படி ஆகிவிடக் கூடாது. பாலிஹூராவில் சதுப்பு நிலத்தின் மேல் மரப்பலகைப் பாதைகளும் உண்டு. மழை பெய்த பிறகு அவற்றில் பிடிமானம் எப்படி இருக்கும்? டயரில் காற்றை எவ்வளவு குறைக்கலாம்? அகலமான டயர் மாற்றுவது நல்லதா?

அப்புறம், மூன்றாம் நாள் பாலிஹூராவுக்குப் பக்கத்துக் கிராமமான ஆர்ட்பாட்ரிக்கிலிருந்து வடக்கே லாக் கர் ஏரிக்கு ஓட்ட ஆசை. ஏரிக்கு மேற்கே அயர்லாந்தின் மிகப் பெரிய கல்வட்டம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். லாரி ஓடும் பெரிய சாலையைத் தவிர்த்து, கிராமத்துச் சாலைகள் வழியாகவே போக முடியுமா? வரைபடம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள்.