அவசரம்: ஹாலுக்கு எந்த கார்ப்பெட்? நாளைக்குள்ள சொல்லணுமாம்

புதுக்குடி_ஹாரோ:
வணக்கம். லண்டன் வந்து நாலு மாசம். ஹால்ல இருந்த பழைய கார்ப்பெட் நாத்தம் தாங்காம நேத்து பிடுங்கிட்டோம். இப்ப வெறும் தரை. கடையில ரெண்டு காட்டினாங்க: க்ரீம் கலர் கம்பளி, சாம்பல் கலர் பாலிப்ரொப்பிலீன் (பிளாஸ்டிக் நூல்). நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டினா ஃபிட்டிங் இலவசமாம். ரூம் 12க்கு 14 அடி. ஒன்பது மாசக் குழந்தை தவழுது. கம்பளி விலை ரொம்ப அதிகம். எதை எடுக்கறதுன்னே தெரியல, ப்ளீஸ் சொல்லுங்க.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
வாடகை வீட்டுல ஏன்மா உங்க காசைப் போடறீங்க? பிடுங்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட எழுத்துல கேட்டிருக்கணும். இங்கிலாந்துல வாடகை டெபாசிட்டை வீட்டுக்காரர் 30 நாளுக்குள்ள பாதுகாப்புத் திட்டத்துல போட்டே ஆகணும், அந்தத் தாளை முதல்ல தேடி எடுங்க. புழங்கித் தேஞ்ச கார்ப்பெட்டுக்குப் புதுசோட முழு விலையை உங்க தலையில கட்ட முடியாது. மிச்சம் இருக்கற எல்லா ரூமையும் இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க.

வடமராட்சியான்:
தங்கச்சி, கம்பளியைத்தான் எடுங்கோ. 80 வீதம் கம்பளி, 20 வீதம் நைலான் கலந்த ட்விஸ்ட் (முறுக்கின நூல்) எண்டு கேளுங்கோ. மிதிபட்டாலும் நிமிர்ந்து வரும். பாலிப்ரொப்பிலீன் வாசலிலையிருந்து சோபா வரைக்கும் பாதை மாதிரிப் படுத்திடும். ஊதுபத்தி நெருப்பு விழுந்தால் கம்பளி கருகி நிண்டுவிடும், தட்டிவிடலாம். மற்றது உருகி ஓட்டை விழும். இந்தக் குளிருக்குக் காலுக்குக் கீழை கம்பளி இருக்கிறது பெரிய விசயம்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, ஹால்லயே சாப்பிடற வீட்டுக்குக் க்ரீம் கம்பளி வேண்டவே வேண்டாம். குழம்பு சிந்தினா மஞ்சள்பொடி சாயம்தானே, கம்பளியும் நைலானும் அதை உறிஞ்சிக்கும். பாலிப்ரொப்பிலீன் நூல் செய்யும்போதே நிறம் உள்ள போயிடறதால வெளிச் சாயம் ஒட்டாது. லேபிள்ல ப்ளீச் தாங்கும்னு போட்டிருந்தா, தண்ணி கலந்த ப்ளீச்சாலயே துடைக்கலாம், மூலையில சோதிச்சுட்டு. பாலிப்ரொப்பிலீனோட எதிரி எண்ணெய்தான். எண்ணெய்க் காலோட நடந்தா அழுக்கைப் பிடிச்சு வச்சுக்கும். கம்பளிக்குப் பூச்சித் தொல்லையும் உண்டு. சோபாவுக்கு அடியில, இருட்டுல, புழு அரிச்சுடும். அதை நகர்த்தி நகர்த்தி ஹூவர் போடணும்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
எதைப் போட்டாலும் தாளிச்ச வாசனை அதுலதான் போய் உக்காரும். ஊர்ல மொசைக் தரையை ஒரு ஈரத்துணி போட்டுத் துடைச்சா வேலை முடிஞ்சுது. இந்த ‘இலவச ஃபிட்டிங்’ பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருது. அண்டர்லே (கார்ப்பெட்டுக்கு அடியில விரிக்கற மெத்தை) தனி, கிரிப்பர் (சுவரோரம் கார்ப்பெட்டைப் பிடிக்கற ஆணிச் சட்டம்) தனி, டோர் பார் (வாசல்ல கார்ப்பெட் ஓரத்தை மூடற பட்டை) தனி, பழசை எடுத்துட்டுப் போகத் தனி. புதுசா வந்தவங்களை அவசரப்படுத்தியே காசு பிடுங்கறாங்க.

வடமராட்சியான்:
அது உண்மைதான் அக்கா. கார்ப்பெட்டிலை இடிக்காமல் கதவின்ரை அடியைச் சீவுறதுக்கும் வேறை ஆளைப் பிடிக்கச் சொல்லுவினம்.

புதுக்குடி_ஹாரோ:
மன்னிக்கணும், சொல்ல விட்டுட்டேன். சொந்த வீடு, கீழ்த்தளம், மரப்பலகைத் தரை. பழைய கணப்பு மேடை சுவர்லேந்து துருத்திக்கிட்டு நிக்குது. இப்ப பெரிய பயம் என்னன்னா, சுவரோரம் சுத்தி மெல்லிய மரச்சட்டம், அதுல வரிசையா ஊசி ஊசியா ஆணி. பாப்பா அங்கேயே போறா.

தரைவேலை:
அம்மா, முதல்ல அந்த ஆணி. அதுதான் கிரிப்பர். ஊசிகள் சுவர்ப்பக்கம் சாய்ஞ்சு நிக்கும், கார்ப்பெட்டை இழுத்து மாட்டறதுக்கு. துருப்பிடிக்காம உறுதியா இருந்தா புதுசுக்கும் அதே உதவும், பிடுங்க வேண்டாம். தடிமனான அட்டைப்பெட்டியை நீளமா வெட்டி, ரெண்டா மடிச்சு, அதுமேல வச்சு டேப் ஒட்டுங்க. ஆனாலும் ஃபிட்டர் வர்ற வரைக்கும் பாப்பாவை வேற ரூம்ல வைங்க.

அடுத்தது நாத்தம். பழைய அண்டர்லேயை வச்சுக்காதீங்க. பலகையை முகர்ந்து பாருங்க, ஈரமா இருந்தா காரணம் தெரியாம மேல எதையும் மூடக்கூடாது. வெளிச்சுவர்ல கீழ ஓட்டைச் செங்கல் இருக்கும், மண்ணோ செடியோ அதை அடைச்சிருந்தா தரைக்கு அடியில காத்து ஓடாது. கிறீச்சிடற பலகையை இப்பவே ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. அடியில குழாய், வயர் ஓடும், நீள ஸ்க்ரூ கூடாது.

உங்க ஹாலுக்கு என் தீர்ப்பு: பாலிப்ரொப்பிலீன் ட்விஸ்ட், ஒரே நிறமா இல்லாம புள்ளி கலந்தது. க்ரீம் கம்பளி வேண்டாம். மாதிரித் துண்டைப் பின்பக்கமா மடிங்க. நூலுக்கு நடுவுல அடித்துணி பளிச்சுன்னு தெரிஞ்சா அடர்த்தி போதாது, எவ்வளவு மெத்துனு இருந்தாலும் வேண்டாம். மிச்சமாகிற காசை அண்டர்லேல போடுங்க. ஹாலுக்கு 9 அல்லது 10 மி.மீ., அடர்த்தியான ஃபோம். கார்ப்பெட் சீக்கிரம் படுத்துப் போறதுக்குப் பாதிக் காரணம் மட்டமான அண்டர்லே. கார்ப்பெட்டும் அதுவும் சேர்ந்து 2 செ.மீ. வரும், கதவு அடியில அந்த இடைவெளி இருக்கான்னு பாருங்க.

ஒண்ணு கேக்கணும். 12 அடின்னீங்களே, அது கணப்பு மேடையிலேந்தா, அதுக்கு ரெண்டு பக்கமும் உள்ள ஒடுங்கின இடத்தோட பின்சுவர்லேந்தா?

புதுக்குடி_ஹாரோ:
மேடையிலேந்துதான் அளந்தோம். இப்ப அளந்து பார்த்தேன், அந்தப் பள்ளம் 38 செ.மீ. ஆழம். கடைச் சீட்டுல 4 மீட்டர் அகல ரோல்னு எழுதியிருக்கு.

கணக்குப்பிள்ளை:
12 அடி 3.66 மீட்டர். 38 செ.மீ. சேர்த்தா 4.04. 14 அடி 4.27. எந்தப் பக்கம் திருப்பினாலும் 4 மீட்டர் ரோல் பத்தாது!

தரைவேலை:
அதேதான். 5 மீட்டர் ரோல் வேணும், இல்லேன்னா ஒட்டு விழும். 5 மீட்டர் அகலத்தை 14 அடிப் பக்கம் ஓட விட்டா, நீளம் 4.04 கூட 10 செ.மீ. வெட்டுக்கு, 4.15ன்னு வைங்க. 20.75 சதுர மீட்டர். மாத்திப் போட்டா 22 ஆகும். அந்த நிறம் 5 மீட்டர்ல வருதான்னு கேளுங்க, எல்லாம் வராது. அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி அவங்க ஆளே வந்து அளக்கணும். அண்டர்லே, டோர் பார், பழசை அப்புறப்படுத்தறது எல்லாம் சேர்த்து ஒரே தொகையா எழுதி வாங்குங்க. வெட்டின கார்ப்பெட்டைப் பொதுவாத் திருப்பி எடுக்க மாட்டாங்க. ஃபிட்டர் வர்ற அன்னிக்கு, விரிச்சதும் கறை, கோடு இருக்கான்னு பார்த்துட்டு அப்புறமா வெட்டச் சொல்லுங்க.

புதுக்குடி_ஹாரோ:
அட்டை ஒட்டியாச்சு. காலையில முதல் வேலையா கடைக்குப் போன் பண்ணி அளக்க ஆள் கேக்கறேன்.